‘பணம் செலவாயிடுச்சு’: யார் செலவழித்தார் என்று சொல்லாத பதில்கள்

மாதம் பிறந்து பத்து நாள் ஆகவில்லை. “சம்பளப் பணம் என்ன ஆச்சு?” என்று மனைவி கேட்கிறார். “செலவாயிடுச்சு” என்கிறார் கணவர். “எதுக்கு?” “எல்லாம் வீட்டுக்குத்தான்.” அத்துடன் பேச்சு முடிகிறது. ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார்கள்.

இது ஒரு கற்பனை உரையாடல்தான். ஆனாலும் சிங்கப்பூரில் இதைக் கேட்டுப் பழகாத தமிழ்க் குடும்பம் குறைவு. இங்கே கவனிக்க வேண்டியது, கணவர் சொன்ன எதுவும் பொய்யில்லை என்று அவரால் வாதாட முடியும் என்பதே. பணம் செலவானது உண்மை. அதில் ஒரு பகுதி வீட்டுக்குப் போயிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு போனது, யாரிடம் போனது, யார் கொடுத்தது என்ற மூன்றும் அந்தப் பதிலில் இல்லை. கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது போன்ற ஓர் உணர்வு மட்டுமே கிடைத்திருக்கிறது.

குடும்பத்தில் மறைத்து வைக்கப்பட்ட கடன் வெளியே வரும்போது எழும் முதல் கேள்வி, “எவ்வளவு?” சற்று நேரம் கழித்து அடுத்தது வரும்: “எப்போதிலிருந்து?” முதல் கேள்விக்குத் தவணை போட்டு விடை காணலாம். இரண்டாவது கேள்வி அப்படியில்லை. இரண்டு ஆண்டுகளாக என்று தெரிந்தால், அந்த இரண்டு ஆண்டுகளில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்ப எடுத்துப் பார்க்கப்படும். ‘ஓவர்டைம்’ என்று சொன்ன இரவுகள், ‘நண்பனுக்கு உடம்பு சரியில்லை’ என்று கிளம்பிய ஞாயிற்றுக்கிழமைகள், தீபாவளிக்குத் துணி எடுக்கத் தேக்காவுக்குப் போனபோது முகத்தில் தெரிந்த சலிப்பு என எல்லாமே சந்தேகத்துக்குரியவையாகிவிடும். அவற்றில் பாதி உண்மையாகவே இருந்திருக்கலாம். இனி அதை நிரூபிக்க வழியில்லை.

மழுப்பலான பேச்சு உறவைச் சிதைப்பது இந்த வழியாகத்தான். அது மொழிக்குள் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதையும், கடன் விவகாரத்தில் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது என்பதையும் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

செய்தவரைக் காட்டாத வினைச்சொல்

தமிழில் பல வினைச்சொற்கள் இரட்டையாக வரும். உடைந்தது, உடைத்தேன். தொலைந்தது, தொலைத்தேன். கரைந்தது, கரைத்தேன். முதல் வகையில் செய்தவர் யாரென்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. தட்டு தானாக உடைந்தது, சாவி தானாகத் தொலைந்தது, சேமிப்பு தானாகக் கரைந்தது. “செலவழித்தேன்” என்றால் ஓர் ஆள் நிற்கிறார். “செலவாயிடுச்சு” என்றால் யாருமே இல்லை. மழை பெய்தது போல ஒன்று நடந்திருக்கிறது.

இதைவிட நுட்பமான ஒன்று, “கடன் வாங்க வேண்டியதாப் போச்சு” என்பது. “வாங்கினேன்” என்ற ஒற்றைச் சொல் போதுமான இடத்தில், ‘வேண்டியதாக’, ‘போயிற்று’ என இரண்டு சொற்கள் வந்து வாங்கியவரை மெல்லப் பின்னால் தள்ளிவிடுகின்றன. சூழ்நிலைதான் வாங்கியது, அவர் கையெழுத்து மட்டுமே போட்டார்.

இதில் மொழியின் குற்றம் ஒன்றுமில்லை. கண்ணாடிக் குவளையைக் கீழே போட்டுவிட்டு மிரண்டு நிற்கும் குழந்தையிடம் “உடைஞ்சிடுச்சா, பரவாயில்லை” என்று சொல்வதும் அதே வினைச்சொல்தான். அங்கே அது அன்பு. பழியை நீக்கிப் பிள்ளையைத் தேற்றுகிறது. பழியைத் தன்மேலிருந்து தானே நீக்கிக்கொள்ள ஒருவர் அதைப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல்.

“சும்மா” என்ற சொல்லுக்கும் இங்கே தனி இடம் உண்டு. “சும்மா ஒரு கையெழுத்து” என்று உறவினர் நீட்டும் தாள், பல நேரங்களில் கடனுக்கான உத்தரவாதப் பத்திரம். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால், உத்தரவாதக் கையெழுத்திட்டவரிடம் கடன் கொடுத்தவர் பணம் கேட்கலாம். மைத்துனர், ஒன்றுவிட்ட அண்ணன், மாமா என்று நீளும் உறவு வட்டத்தில், “ஒண்ணும் ஆகாது” என்ற வார்த்தையை நம்பிப் போட்ட கையெழுத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எத்தனையோ. பணம் போனதைவிட, ‘சும்மா’ என்று சொன்னதைத்தான் பலர் கடைசிவரை மறப்பதில்லை.

நன்னூல் சொல்லும் எட்டு விடைகள்

நேரடியாகப் பேசாததெல்லாம் நேர்மையற்றது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அப்படிப் பார்த்தால் தமிழர்களில் பாதிப் பேர் பொய்யர்கள். கல்யாண வீட்டில் “இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க” என்று கேட்டால் யாரும் “வேண்டாம், பிடிக்கவில்லை” என்பதில்லை. “வயிறு நிறைஞ்சிடுச்சு” என்கிறோம். இறந்தவரைக் காலமானார் என்கிறோம். சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் என்றும், மங்கலமில்லாததை மங்கலமாக்கிச் சொல்வதை மங்கலம் என்றும் தமிழ் இலக்கணம் பெயரிட்டே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல், இன்னும் ஒரு படி மேலே போய் விடைகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் மறைமுக விடைகள். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் மங்கலாகவாவது நினைவிருக்கும். பலரும் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் இந்தப் பட்டியல், வீட்டுப் பேச்சைப் புரிந்துகொள்ள நன்றாகவே உதவுகிறது.

“வீட்டுத் தவணை கட்டியாச்சா?” என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “கட்டிட்டேன்” என்பது நேர். “கட்டலை” என்பது மறை. “இந்த மாசம் நீயே கட்டிடேன்” என்பது ஏவல். “கட்டாம இருப்பேனா?” என்பது வினா எதிர் வினாதல். “சம்பளம் இன்னும் வரலை” என்பது உற்றது உரைத்தல், அதாவது தனக்கு நேர்ந்ததைச் சொல்வது. “கட்டினா கையில காசு மிஞ்சாது” என்பது உறுவது கூறல், இனி நேரப்போவதைச் சொல்வது. “நாளைக்குக் கட்டிடுறேன்” என்பதை இனமொழியில் சேர்க்கலாம். கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்லிக் கேட்டதற்கு ‘இல்லை’ என்று உணர்த்துகிறது.

இந்த ஐந்து மறைமுக விடைகளையும் மீண்டும் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கேட்டவருக்கு விடை கிடைத்துவிடுகிறது. சம்பளம் வரவில்லை என்றால் தவணை கட்டவில்லை என்று பொருள். கட்டாமல் இருப்பேனா என்றால் கட்டியாகிவிட்டது என்று பொருள். சுற்றி வந்தாலும் வாசலுக்கு வந்து சேர்கிறது. இலக்கணம் இவற்றை ‘விடை’ என்று ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

மழுப்பல் இதே ஐந்து அச்சுகளையும் கடன் வாங்கிக்கொள்கிறது. விடையை மட்டும் கொடுப்பதில்லை. “நீயே பேங்க் ஆப்ல பாரேன்” என்பார், அவருடைய கடவுச்சொல் மனைவிக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டே. “ஆபீஸ்ல எனக்கு எவ்வளவு தலைவலி தெரியுமா?” என்பது தனக்கு நேர்ந்ததைச் சொல்வதுதான், ஆனால் தவணைக்கும் அதற்கும் தொடர்பில்லை. “இப்படியே கேட்டுட்டு இருந்தா சண்டைதான் வரும்” என்பது இனி நேரப்போவது. “கரண்டு பில் கட்டிட்டேன்” என்பது கேட்டதற்கு இனமானது. எல்லாம் கட்டியாகிவிட்டது என்று கேட்டவர் தாமாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்லப்படுவது.

இவற்றில் மிக மோசமானது “என்ன, என்மேல நம்பிக்கை இல்லையா?” என்ற எதிர்க்கேள்வி. தவணையைப் பற்றிய விசாரணை ஒரு நொடியில் கேட்டவரைப் பற்றிய விசாரணையாக மாறிவிடுகிறது. கணக்குக் கேட்டவர் இப்போது தம் அன்பை நிரூபிக்க வேண்டியவராகிறார். அடுத்த மாதம் அவர் கேட்பதற்குத் தயங்குவார். அதற்கடுத்த மாதம் கேட்கமாட்டார். ஓராண்டு கழித்துக் கடன் அம்பலமாகும்போது, “நீ கேட்கவே இல்லையே” என்று அதே வாய் சொல்லும். கேட்கவிடாமல் செய்துவிட்டுக் கேட்கவில்லை என்று குறை சொல்வது, கடனைவிடப் பெரிய காயம்.

ஆக, சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. பேச்சு முடிந்து எழுந்து போகும்போது, கேட்டவர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாரா? போகிறார் என்றால், எவ்வளவு சுற்றிச் சொல்லியிருந்தாலும் அது விடை.

வீட்டில் இருப்பவர் ஏமாளி இல்லை

“இவ்வளவு நாள் தெரியாமலா இருந்தது?” உண்மை வெளிப்பட்ட பிறகு ஏமாற்றப்பட்டவர் அதிகம் கேட்க நேரும் கேள்வி இது. உறவினர் கேட்பார்கள், பக்கத்து வீட்டார் கேட்பார்கள், சில நேரம் பெற்ற தாயே கேட்பார். இந்தக் கேள்வியில் கொஞ்சமும் நியாயமில்லை.

பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று சோதித்த ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிச் சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் 2006ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டனர். சராசரியாக 54 விழுக்காடு மட்டுமே சரியாகக் கணித்தார்கள். நாணயத்தைச் சுண்டிப்போட்டு முடிவு செய்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் வரும். எதிரில் இருப்பவர் உண்மை பேசுகிறார் என்று எடுத்துக்கொள்வதே மனிதரின் இயல்பு நிலை என்கிறார் அமெரிக்கத் தொடர்பியல் ஆய்வாளர் டிமொத்தி லெவின். அந்த இயல்பு இல்லாவிட்டால் காப்பிக்கடையில் ஒரு தே தாரிக்கூட நிம்மதியாக வாங்கிக் குடிக்க முடியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

டிபாலோவின் வேறு ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. அன்றாடச் சில்லறைப் பொய்களை மக்கள் நெருக்கமானவர்களிடம் குறைவாகவே சொல்கிறார்கள். ஆனால் வாழ்க்கையையே புரட்டிப்போடும் பெரிய பொய்கள் பெரும்பாலும் மிக நெருக்கமானவர்களிடமே சொல்லப்படுகின்றன. யோசித்தால் புரியும். அறிமுகமில்லாதவரிடம் கடனை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

முழுப் பொய் சொல்லாமல், உண்மையான வாக்கியங்களைக் கொண்டே தவறான எண்ணத்தை ஊட்டுவதையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. டோட் ரோஜர்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 2017ல் வெளியிட்ட ஆய்வு, பேரம் பேசும் சூழல்களில் இதைச் சோதித்தது. அப்படிப் பேசியவர்கள் ‘நான் பொய் சொல்லவில்லையே’ என்று தங்களை நேர்மையானவர்களாகவே கருதிக்கொண்டனர். ஏமாற்றப்பட்டவர்களோ அதை நேரடிப் பொய்க்கு ஏறக்குறைய இணையாகவே எடுத்துக்கொண்டனர். கரண்டு பில் கட்டிய கணவரும் வீட்டுத் தவணையைப் பற்றிக் கேட்ட மனைவியும் ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாக நினைவில் வைத்திருப்பது இதனால்தான். அவர் கணக்கில் அது பொய்யே இல்லை.

கடன் எப்படி மறைகிறது

முன்பெல்லாம் வங்கிக் கடிதம் வீட்டு அஞ்சல்பெட்டிக்கு வரும். யாராவது ஒருவர் கையில் சிக்கும். இப்போது கடன்பற்று அட்டையின் மாதக் கணக்கு கைப்பேசிக்குள் வருகிறது. கைப்பேசி அவரவர் விரல்ரேகைக்கு மட்டுமே திறக்கிறது. ஒரே படுக்கையில் உறங்கும் இருவரில் ஒருவருக்கு மற்றவரின் நிலுவை தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பது இன்று மிகச் சுலபம்.

அடுத்தது உரிமம் பெற்ற கடன் கொடுப்போர். ஆண்டு வருமானம் 20,000 வெள்ளிக்குக் குறையாத ஒருவர், இத்தகைய நிறுவனங்கள் அனைத்திலும் சேர்த்து மாத வருமானத்தைப்போல் 6 மடங்குவரை அடைமானமின்றிக் கடன் வாங்கலாம். வட்டி மாதத்துக்கு 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாமதக் கட்டணம் மாதத்துக்கு அதிகபட்சம் 60 வெள்ளி. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து அசலை மிஞ்சவும் கூடாது. சட்டம் போட்ட வரம்புகள் இவை. ஆனாலும் 5,000 வெள்ளி வாங்கினால் முதல் மாத வட்டியே 200 வெள்ளிவரை போகலாம். அந்த 200 வெள்ளி வீட்டுச் செலவிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். மழுப்பல் மாதாமாதம் புதுப்பிக்கப்படுவது இங்கேதான்.

அடகுக்கடை நம்மவர்களுக்குப் புதிதில்லை. கழுத்துச் சங்கிலியைக் காணோம் என்று கேட்டால் “பாலிஷ் போடக் கொடுத்திருக்கேன்” என்ற பதிலும் புதிதில்லை. சிங்கப்பூரில் அடகுக்கடை வட்டி மாதத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. நகையை மீட்க 6 மாத அவகாசம் உண்டு. பாலிஷ் போட 6 மாதம் ஆகாது என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கப் பழகிக்கொள்வதுதான் சோகம். அதுவும் இந்த நகை விஷயத்தில் மறைப்பவர் கணவராகவே இருக்க வேண்டியதில்லை. தம்பியின் படிப்புக்கோ அம்மாவின் மருத்துவத்துக்கோ நகையை அடகுவைத்து ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, கணவருக்குத் தெரியாமல் தவிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். ஊருக்கு அனுப்புவதில் தவறேதும் இல்லை. “அனுப்பப் போகிறேன்” என்று சொன்னால் சண்டை வரும் என்ற பயத்தில்தான் மறைப்பு தொடங்குகிறது.

சூதாட்டம் இன்னொரு பெரிய காரணம். 2010ல் இரண்டு சூதாட்டக்கூடங்களும் திறக்கப்பட்டபோதே குடும்பங்களைப் பாதுகாக்கச் சில ஏற்பாடுகள் செய்யப்பட்டிருந்தன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். தொடக்கத்தில் 100 வெள்ளியாக இருந்த ஒருநாள் கட்டணம் 2019ல் 150 வெள்ளியாக உயர்ந்தது. ஒருவர் தாமே முன்வந்து தமக்குத் தடை போட்டுக்கொள்ளலாம். மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் குடும்ப விலக்கு உத்தரவு கேட்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் குடும்பத்தினர் விண்ணப்பிக்க வேண்டுமானால் முதலில் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “நண்பர்களோடு ஒரு ரவுண்டு” என்ற பதில் அந்த வழியை அடைத்துவிடுகிறது. புதன், சனி, ஞாயிறு குலுக்கலுக்கு வரிசையில் நின்று வாங்கும் 4டி சீட்டுக்குத் தடையும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை.

இந்தப் பாதையின் முடிவில் கடன்முதலைகள் இருக்கிறார்கள். உரிமம் பெற்ற நிறுவனங்கள் குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, சமூக ஊடகம் வழியாக விளம்பரம் செய்ய இங்கு அனுமதியில்லை. எனவே வாட்ஸ்அப்பில் ‘உடனடிக் கடன்’ என்று வரும் செய்தி சட்டவிரோதமானதாகவோ மோசடியாகவோதான் இருக்கும். திருமணம் செய்துகொண்ட காரணத்தால் மட்டும் ஒருவரின் கடனுக்கு மற்றவர் பொறுப்பாவதில்லை. தாமும் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால்தான் பொறுப்பு. கடன்முதலைகளுக்கு அந்தச் சட்டமெல்லாம் கணக்கில்லை. அடுக்குமாடி வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றி, வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்று பொருள்படச் சுவரில் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். பல குடும்பங்கள் உண்மையைத் தெரிந்துகொண்டது அந்தச் சுவரிலிருந்துதான். வீட்டுக்குள் சொல்லப்படாத ஒன்றை முழுத்தளமும் படித்துவிட்டிருக்கும்.

நீதிமன்றத்தில் மழுப்பல்

மண முறிவு வரை போய்விட்டால் மழுப்பலுக்கு விலையும் உண்டு. சிங்கப்பூரில் மாதர் சாசனத்தின்கீழ் மணவாழ்வுச் சொத்துகளைப் பிரிக்கும் வழக்கில், சர்ச்சை இருந்தால் இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் விவரங்களைச் சத்தியப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். முழுமையாகவும் ஒளிவுமறைவின்றியும் சொல்வது கடமை. ஒருவர் மறைக்கிறார் என்பதற்கு ஆதாரம் இருந்து, அவரால் தக்க விளக்கம் தர முடியாவிட்டால், நீதிமன்றம் அவருக்கு எதிரான முடிவுக்கு வரலாம். மறைத்ததாகக் கருதும் தொகையைச் சொத்துக் கணக்கில் சேர்க்கலாம், அல்லது மற்றவருக்குக் கூடுதல் பங்கு கொடுக்கலாம்.

“செலவாயிடுச்சு” என்ற பதில் அங்கே எடுபடாது. எந்தத் தேதி, எந்தக் கணக்கு, யாருக்கு என்று எழுத்துமூலம் கேள்வி வரும். வீட்டுச் சமையலறையில் கேட்டபோது கோபித்துக்கொண்ட அதே கேள்விகள்தான்.

சொல்லாமல் இருப்பவரின் பக்கம்

மறைப்பவர் எல்லாரும் ஏமாற்ற நினைப்பவர்கள் இல்லை. பெரும்பாலோர் அவமானத்துக்குப் பயந்தவர்கள். ஆண் என்றால் குடும்பத்தைத் தாங்க வேண்டும், மூத்த பிள்ளை என்றால் கை நீட்டக் கூடாது, மருமகள் என்றால் பிறந்த வீட்டை நினைக்கக் கூடாது என்று நாம் வளர்த்துவைத்திருக்கும் எதிர்பார்ப்புகளுக்கு இதில் பங்குண்டு. “அடுத்த மாசம் சரிபண்ணிடலாம்” என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடுத்த மாதத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். முதலில் தங்களிடமே மழுப்புகிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெபியனும் அவருடைய குழுவினரும் ரகசியங்களைப் பற்றி 2017ல் வெளியிட்ட ஆய்வில், பேச்சின்போது ரகசியத்தை மறைப்பதைவிட, தனியாக இருக்கும்போது மனம் திரும்பத் திரும்ப அதையே நாடிச் செல்வதுதான் மனநலக் குறைவுடன் அதிகம் தொடர்புடையதாகக் காணப்பட்டது. எம்ஆர்டியில் நின்றுகொண்டு வரும்போதும், பிள்ளையின் பள்ளி விழாவில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குக் காரணம் தெரியாது. முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறாரே என்பது மட்டும் தெரியும். கடன் தெரியவருவதற்கு வெகுகாலம் முன்பே தூரம் வந்துவிடுகிறது.

கேட்பவர் எப்படிக் கேட்கிறார் என்பதும் முக்கியம். மாமியார் முன்னிலையில், பிள்ளைகள் எதிரில், சாப்பாட்டுத் தட்டில் கை வைத்திருக்கும்போது கேட்கப்படும் “காசெல்லாம் எங்கே கொட்டினீங்க?” என்பது விடையைத் தேடும் கேள்வியன்று. அதற்கு உண்மையான விடை வராது. இதைச் சொல்வதால் மறைத்தவரின் பொறுப்பு குறைந்துவிடாது. ஆனால் உண்மை வெளியே வரக் கதவு திறந்திருந்ததா என்பதும் கேட்கப்பட வேண்டிய ஒன்றே.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும் என்பதும் இல்லை. கல்யாணமான மகனின் வங்கி இருப்பு அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டிய கட்டாயம் கிடையாது. தங்கையின் சம்பளத்தைக் கேட்கும் பெரியப்பாவுக்கு “பார்க்கலாம் பெரியப்பா, நல்லபடியாப் போகுது” என்பது போதும். அது மரியாதையான மறுப்பு, அவருக்கும் புரியும். “இதை இப்போ பேச எனக்கு முடியலை, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்றேன்” என்பதும் நேர்மையான பதில்தான். அதில் ‘சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது’ என்ற உண்மை ஒளிக்கப்படவில்லை. “ஒண்ணுமில்லையே” என்பதில்தான் அது ஒளிக்கப்படுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே வர வேண்டும் என்பது வேறு விஷயம்.

கல்யாணப் பேச்சிலேயே தொடங்குவது

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்ற பழமொழியை நம் வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி நடத்த வேண்டியது கல்யாணம் என்பதே திரிந்து இப்படி ஆனது என விளக்குவோரும் உண்டு. விளக்கம் எதுவானாலும், நடைமுறையில் முதல் பொருள்தான் வாழ்கிறது. மாப்பிள்ளையின் வேலை, சம்பளம், வீவக வீட்டுக்கு விண்ணப்பித்தாயிற்றா என்பதெல்லாம் விசாரிக்கப்படும். ‘கடன் இருக்கிறதா?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. கல்யாணச் செலவுக்கே கடன் வாங்கியிருப்பார்கள். மண்டபம், சமையல், நாதஸ்வரம், புகைப்படக்காரர் என்று முடிந்த மறுநாள் காலையில் மணமக்களில் ஒருவர் மட்டும் அந்தக் கடனோடு கண்விழிக்கிறார்.

இதைத் தவிர்க்க விரும்பும் இணையர் செய்யக்கூடியது மிகச் சாதாரணமானது. சிங்கப்பூர்க் கடன் தகவல் நிலையமான கிரெடிட் பியூரோவிடமிருந்து ஒவ்வொருவரும் தம்முடைய கடன் அறிக்கையைப் பெறலாம். வங்கிக் கடன்களும் கடன்பற்று அட்டை விவரங்களும் அதில் இருக்கும். உரிமம் பெற்ற கடன் கொடுப்போரிடம் வாங்கியவற்றுக்குத் தனி அமைப்பின் அறிக்கை இருக்கிறது. நண்பரிடம் கைமாற்றாக வாங்கியதும், அடகுக்கடைச் சீட்டும், கடன்முதலையிடம் வாங்கியதும் இந்த இரண்டில் எதிலும் வராது. அவற்றை வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே மறைத்துவைத்திருப்பவர்கள் பேசத் தொடங்கும்போது, தொகையைப் பாதியாகக் குறைத்துச் சொல்லும் ஆசை வரும். 30,000 வெள்ளி என்பதை 12,000 என்று சொல்லி, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இதைப் போல ஆபத்தானது வேறில்லை. முதல் முறை உடைந்ததை ஒட்டவைக்க மற்றவர் முயன்றுகொண்டிருக்கும்போது, மீதி 18,000 வெளியே வந்தால் அதற்குப் பிறகு சொல்லும் எந்தத் தொகையையும் அவர் நம்பமாட்டார். எண் முழுதாக, ஒரே முறையில், தாளில் எழுதிச் சொல்லப்பட வேண்டும்: யாரிடம், எவ்வளவு, எந்த மாதம் வாங்கியது, அடுத்த தவணை எப்போது. “வாங்கினேன்” என்ற வினைச்சொல்லுடன்.

தனியாகப் பேசப் பயமாக இருந்தால் மூன்றாவது ஆளாக உட்கார ஆலோசகர்கள் இருக்கிறார்கள். குடியிருப்புப் பேட்டைகளில் இயங்கும் குடும்ப சேவை நிலையங்களை அணுகலாம். அருகில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் 1800-222-0000 என்ற காம்கேர் எண்ணில் கேட்கலாம். சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண் 1800-6-668-668. கடன்முதலைகளின் தொல்லை குறித்துக் காவல்துறைக்குத் தகவல் தர 1800-924-5664 என்ற எண் உள்ளது. வங்கிகளிடமும் அட்டை நிறுவனங்களிடமும் வாங்கிய கடனை ஒரே தவணைத் திட்டமாக மாற்றிப் பேச, கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் உதவுகிறது. கடன் வாங்கியவரோடு அவருடைய கணவரோ மனைவியோ சேர்ந்து போனால் வரவு செலவுக் கணக்குப் போடுவது எளிது. வீட்டில் மாதம் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது பெரும்பாலும் இருவரில் ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.